அன்றாடப் புழக்கத்துக்கு எந்த உலாவி?

பத்திரிகை படிப்பது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, ரயிலுக்கு முன்பதிவு செய்வது, பட்டா சிட்டா நகல் எடுப்பது, பிள்ளைகளின் பரீட்சை முடிவைத் தெரிந்துகொள்வது ஆகிய பலவிதமான காரியங்கள் இன்று உலாவி என்னும் ஒரே மென்பொருளின் வழியாக நடந்தேறுகின்றன. ஒரு சைக்கிள் வாங்குவதற்கு முன் நாலு கடை ஏறி இறங்கி, விவரம் தெரிந்த இரண்டு பேரையாவது கலந்துகொண்டு முடிவு செய்கிற நாம், நாள் முழுதும் நம்முடைய கண்ணும் கருத்தும் தங்கியிருக்கிற இந்தச் சாதனத்தின் விஷயத்தில் மட்டும், கம்ப்யூட்டரோடும் கைப்பேசியோடும் எது வந்ததோ அதையே ஏற்றுக்கொண்டு, மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்துவிடுகிறோம். நம்முடைய பணப் போக்குவரத்தும், எதைப் படிக்கிறோம், எதைத் தேடுகிறோம் என்ற மனப்போக்கும், பிறரிடம் சொல்லத் தயங்கும் வியாதிகளைப் பற்றிய விசாரணையும் இதன் வழியாகவே செல்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த அசிரத்தை நல்லதன்று என்பது விளங்கும்.

உலாவிகளை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அதற்கு நியாயம் இருந்தது; இப்போதோ, பெயர் பெற்ற உலாவிகள் அனைத்தும் ஒரு சாதாரணப் பக்கத்தைத் திறப்பதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தில் உள்ள வித்தியாசம் மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. பொத்தான்கள் எங்கே இருக்கின்றன, நிறம் எப்படி இருக்கிறது என்பவை இரண்டு நாள் பழக்கத்தில் தீர்ந்துபோகும் விஷயங்கள். ஓர் உலாவியின் உண்மையான குணத்தைக் காட்டுபவை வேறு மூன்று: அதன் உள்ளே இருந்து பக்கங்களை வரைந்து காட்டும் எஞ்சின் யாருடையது, அதைப் பராமரிப்பதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, உபயோகிப்பவர் எந்த அமைப்பையும் தொடாமல் விட்டுவிட்டால் அது யாருடைய நன்மையை முன்னிட்டு நடந்துகொள்கிறது. இவற்றில் மூன்றாவதே பிரதானமானது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் பெரும்பான்மையான மக்கள் அமைப்புகளைத் தொடுவதே இல்லை.

இந்தக் கேள்விகளுக்கு விடை காணச் சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் என்ற அணு ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், நெக்ஸ்ட் என்ற கம்ப்யூட்டரில் உலகின் முதல் உலாவியை இயற்றினார். அதில் பக்கங்களைப் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தி எழுதவும் முடியும். படிப்பவர் வேறு எழுதுபவர் வேறு என்ற பேதம் அவருடைய மூலச் சித்திரத்தில் இல்லை. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஸ்தாபனம், இந்த வலைத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று உலகுக்கு அளித்துவிட்டது. இந்தத் தானம் நிகழாதிருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கே விஷயம் இருந்திராது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பைனா இருவரும் எழுதிய மொசைக், எழுத்தோடு எழுத்தாகப் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிச் சாமானிய மக்களை வலைக்கு இழுத்து வந்தது. ஆண்ட்ரீசன் வேறொரு கூட்டாளியுடன் சேர்ந்து 1994-இல் தொடங்கிய நெட்ஸ்கேப் ஒரே ஆண்டில் பிரசித்தி பெற்றது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1995 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை வெளியிட்டது. மொசைக்கின் வழியில் வந்த மூலநிரலை உரிமம் பெற்று வாங்கி அதன்மீதே அது கட்டப்பட்டது. விண்டோஸோடு சேர்த்து அதை இலவசமாக ஒவ்வொரு மேஜையிலும் கொண்டுபோய் வைத்துவிட்டபோது, தனியாகத் தேடிப் பெற வேண்டியிருந்த நெட்ஸ்கேப் அதை எதிர்த்து நிற்பது அசாத்தியமாயிற்று. 1998-இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2000-இல் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் நிறுவனத்தையே இரண்டாகப் பிரிக்க உத்தரவிட்டார். மறு ஆண்டு மேல்முறையீட்டு மன்றம், ஏகபோகத்தை முறைகேடாகக் காத்துக்கொண்டது என்ற தீர்ப்பை நிலைநிறுத்தியபோதிலும், பிரிக்கும் உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் நெட்ஸ்கேப் வீழ்ந்துவிட்டது.

இந்த வெற்றியின் பலன் என்ன ஆயிற்று என்பதுதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது. எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு 2001-இல் வந்தது. ஏழாம் பதிப்பு வர 2006 ஆயிற்று. வலுவான போட்டி அரிதாயிருந்த அந்த ஐந்து ஆண்டுகளும், வலை வேகமாக விருத்தியடைந்துகொண்டிருந்த காலத்தில், உலகத்தின் பெரும்பான்மையோர் பயன்படுத்திய உலாவி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. வைரஸ்களும் உளவு நிரல்களும் அதன் ஓட்டைகள் வழியே புகுந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களை நாசம் செய்தன. தென்கொரியாவின் அனுபவம் இன்னும் கடுமையானது. வலையில் பணப் பரிவர்த்தனையைப் பாதுகாக்க அந்நாட்டார் தொண்ணூறுகளின் இறுதியில் சீட் என்ற சொந்த மறையீட்டு முறையை வகுத்தார்கள். உலாவிகளில் அதற்கு இடமில்லாததால், எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே இயங்கும் ஆக்டிவ்எக்ஸ் என்ற ஒட்டுச் சாதனத்தின் மூலம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குச் சௌகரியமாக இருந்த அந்த ஏற்பாடு, வங்கி, அங்காடி, அரசு அலுவலகம் அனைத்தையும் ஒரே நிறுவனத்தின் ஒரே உலாவியோடு பிணைத்து, ஒரு தலைமுறைக் காலம் அந்தத் தேசத்தை விடவில்லை. அதற்கு ஆதாரமாக இருந்த சான்றிதழ் முறையின் விசேஷ அந்தஸ்து சட்டபூர்வமாக நீங்கியது 2020 டிசம்பரில்தான். எக்ஸ்ப்ளோரரே 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது.

அதே காலத்தில் தமிழ் வாசகர்கள் பட்ட சிரமம் வேறு வகையானது. டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் பல. ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதை இறக்கி நிறுவாவிட்டால் தலைப்புச் செய்தி முழுதும் புரியாத ரோமன் குறிகளாகத் தெரியும். பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து சேரும் வகையில் சில தளங்கள் செய்துவைத்த ஏற்பாடோ, எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வடிவத்திலும் நெட்ஸ்கேப்புக்கு வேறு வடிவத்திலும் தனித்தனியே தயாரிக்கப்பட வேண்டியிருந்ததால், எந்த உலாவி என்ற கேள்வி தமிழைப் படிக்க முடியுமா என்ற கேள்வியாகவே இருந்தது. யுனிகோடும், விண்டோஸோடு வந்த லதா எழுத்துருவும் பரவிய பின்னரே இந்தக் குழப்பம் படிப்படியாகத் தெளிந்தது.

நெட்ஸ்கேப் அழிவதற்கு முன் ஒரு நற்காரியம் செய்தது. 1998-இல் தன் மூலநிரலை உலகுக்குத் திறந்து வைத்து, மொசில்லா என்ற பெயரில் ஒரு கூட்டு முயற்சிக்கு வித்திட்டது. அதன் வழியில் 2003-இல் லாப நோக்கமற்ற மொசில்லா அறக்கட்டளையும், 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்பாக்ஸின் முதல் பதிப்பும் பிறந்தன. அடுத்த மாதமே, ஏறக்குறைய பத்தாயிரம் பேர் தங்கள் கைப்பணத்தைக் கொடுத்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் இரண்டு பக்க விளம்பரம் வெளியிட்டார்கள் என்பது, ஒரு மென்பொருளின்பால் மக்கள் இத்தனை பற்றுக் கொள்ள முடியுமா என்று வியக்க வைக்கும் செய்தி. தமிழர்களுக்கு அதில் ஒரு குறை இருந்தது: இருபக்க ஓரமும் சமமாக அமைத்த பத்திகளில் ஃபயர்பாக்ஸ் தமிழ் எழுத்தின் கொம்பையும் காலையும் பிரித்துச் சிதறடித்துவிடும். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. அந்தப் பதிப்பை வெளியான ஒரே நாளில் எண்பது லட்சம் தடவை மக்கள் இறக்கிக்கொண்டது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று.

நார்வே நாட்டின் ஓப்பராவை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். 2006-இல் உலகெங்கும் வெளிவந்த ஓப்பரா மினி, பக்கத்தைத் தன் சர்வரிலேயே சுருக்கிப் பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசிக்கு அனுப்பியதால், டேட்டாவுக்குப் பணம் எண்ணிச் செலவழித்த அந்நாட்களில் எளியவர்களுக்கும் வலை எட்டியது. அதில் தமிழ் முதலில் கட்டம் கட்டமாகவே தெரியும். மறைந்திருக்கும் ஓர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அத்தனை கட்டமும் அழகிய தமிழாக மாறும். இந்த உபாயத்தை ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுக் கொடுத்தே ஆயிரக்கணக்கான தமிழர் கைப்பேசியில் தம் மொழியைப் படித்தார்கள். சுருக்கும் வேலை சர்வரில் நடப்பதால் நாம் படிப்பதெல்லாம் அந்நிறுவனத்தின் கை வழியாகவே செல்லும் என்பதை அப்போது யோசித்தவர் சொற்பம். பின்னாளில் இந்தியாவில் மிகப் பெரிதாகப் பரவிய யூசி உலாவி, உபயோகிப்பவரின் விவரங்களைப் பாதுகாப்பின்றி வெளியே அனுப்புவதை 2015-இல் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று.

இனி, குரோம். லினக்ஸ் ஆர்வலர்கள் கே.டி.இ. என்ற திட்டத்துக்காக எழுதிய கே.ஹெச்.டி.எம்.எல். என்ற எஞ்சினை ஆப்பிள் நிறுவனம் எடுத்து வளர்த்து, 2003-இல் சஃபாரியாக வெளியிட்டது. வெப்கிட் எனப் பெயர் பெற்ற அந்த எஞ்சினை கூகுள் எடுத்து 2008 செப்டம்பரில் குரோமை வெளியிட்டது. 2013-இல் அதிலிருந்து கிளை பிரிந்து பிளிங்க் என்ற தன் எஞ்சினை உண்டாக்கிக்கொண்டது. குரோம் இவ்வளவு பரவியதற்கு கூகுளின் விளம்பர பலமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஒவ்வொரு டேபையும் தனித்தனிச் செயலாக இயக்கி, ஒன்று செயலிழந்தால் மற்றவை பிழைத்திருக்கும்படி செய்தது; தீய பக்கம் கம்ப்யூட்டரின் மற்றப் பகுதிகளைத் தொட முடியாதபடி வேலிக்குள் அடைத்தது; உபயோகிப்பவரைத் தொந்தரவு செய்யாமல் தானே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. இம்மூன்றையும் மற்றவர்கள் பின்னால் கைக்கொண்டார்கள். இன்று உலகில் மூன்றில் இரண்டு பங்கு வலைப் போக்குவரத்து ஏறக்குறைய அதன் வழியாகவே நடக்கிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2018 டிசம்பரில் தன் சொந்த எஞ்சினைக் கைவிடுவதாக அறிவித்து, 2020 ஜனவரியில் எட்ஜ் உலாவியை, கூகுள் குரோமின் மூலநிரலாகிய குரோமியத்தின்மேல் கட்டி வெளியிட்டது. ஓப்பராவும் 2013-இலேயே தன் எஞ்சினைக் கைவிட்டிருந்தது. எட்ஜ், ஓப்பரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் ஆகிய எல்லாம் பெயரிலும் உடையிலும் வேறுபட்டாலும் உள்ளே இயங்குவது பிளிங்க் ஒன்றே. ஆக, பரந்த புழக்கத்தில் எஞ்சியவை மூன்றே எஞ்சின்கள்: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. ஐபோனில் இந்தத் தேர்வும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் சட்டத்தின் வற்புறுத்தலால் விதிவிலக்குக் கிடைத்ததே தவிர, நம் நாட்டு ஐபோனில் குரோமை நிறுவினாலும் ஃபயர்பாக்ஸை நிறுவினாலும் உள்ளே இருப்பது வெப்கிட்தான். லேடிபேர்டு, சர்வோ என்ற பெயர்களில் புதிய எஞ்சின்களை எழுதும் முயற்சிகள் நடக்கின்றன. அவை அன்றாட உபயோகத்துக்கு இன்னும் பக்குவமாகவில்லை.

எஞ்சின்கள் குறைந்தால் வாசகருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். தளங்களைக் கட்டுகிறவர்கள் ஒரே எஞ்சினில் பரீட்சித்துப் பார்த்து வேலையை முடித்துவிடுவார்கள். பொதுவான தர விதிகளின் இடத்தை அந்த எஞ்சினின் வழக்கங்கள் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த எஞ்சினின் எஜமானர் செய்கிற தீர்மானம் அனைவரையும் கட்டுப்படுத்தும். தென்கொரியாவில் ஒரு தேசத்துக்கு நேர்ந்தது எல்லாத் தேசங்களுக்கும் நேரக்கூடும்.

பணத்தின் விஷயத்துக்கு வருவோம். உலாவிகள் இலவசம், ஆனால் அவற்றை எழுதும் பொறியாளர்களுக்குச் சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் பெரும்பாலும் தேடுபொறியிலிருந்து வருகிறது. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியையே முதல் தேர்வாக வைப்பதற்காக கூகுள் 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் செலவழித்தது என்றும், 2022-இல் ஆப்பிள் ஒன்றுக்கே சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்றும் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடல் துறையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் பரிகாரத்தை வகுத்தபோது, பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடை செய்தாரேயன்றி, குரோமை விற்றுவிட வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை ஏற்கவில்லை. நம் நாட்டிலும் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தன் செயலிகளைத் திணித்தது முதலிய காரணங்களுக்காக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இதில் மனத்தை உறுத்துகிற விஷயம், குரோமுக்கு மாற்றாக நிற்கும் ஃபயர்பாக்ஸே தன் வருமானத்தின் மிகப் பெரும் பகுதியை கூகுளிடமிருந்து இதே தேடுபொறி ஒப்பந்தத்தின் மூலம் பெறுகிறது என்பது. 2025 பிப்ரவரியில் மொசில்லா புதிய உபயோக நிபந்தனைகளை வெளியிட்டு, உங்கள் விவரங்களை ஒருபோதும் விற்க மாட்டோம் என்ற பழைய வாக்குறுதியை நீக்கியபோது எழுந்த கண்டனம் நியாயமானது. வாசகங்களை அவர்கள் பிறகு திருத்தியது உண்மையே என்றாலும், நம்பிக்கையில் விழுந்த கீறல் முற்றும் ஆறிவிடவில்லை. பிரேவ் உலாவியை ஆக்கும் நிறுவனத்தை 2015-இல் தொடங்கியவர்களில் ஒருவர், ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஆக்கிய பிரெண்டன் ஐக். அந்த உலாவி விளம்பரங்களையும் வேவு நிரல்களையும் முதலிலிருந்தே தடுக்கிறது. அதற்காக அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் 2020-இல், முகவரிப் பட்டையில் சில தளங்களின் பெயரை எழுதும்போது தனக்குக் கமிஷன் வரும் இணைப்பாக அதைப் பூர்த்தி செய்தது வெளிப்பட்டு, பின்னர் அதைத் திருத்திக்கொண்டது. குறையற்ற உலாவியைத் தேடுகிறவர் தேடிக்கொண்டேயிருக்க வேண்டியதுதான். குறைகளை எடை போட்டு முடிவு செய்வதே விவேகம்.

நாம் சும்மா இருக்கும்போது உலாவி யார் பக்கம் நிற்கிறது என்ற மூன்றாம் கேள்வியில்தான் வித்தியாசங்கள் துலக்கமாகத் தெரிகின்றன. குக்கீ என்னும் சிறு குறிப்பை 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி புகுத்தியது, ஓர் அங்காடித் தளம் நாம் கூடையில் இட்ட பொருளை மறவாதிருக்க வேண்டும் என்பது போன்ற நல்ல காரியத்துக்காகவே. நாம் பார்க்கும் தளத்துக்கு அன்னியமான விளம்பர நிறுவனங்களும் அதே பக்கத்தின் மூலம் தங்கள் குக்கீயை வைத்து, ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்கு நம்மைப் பின்தொடரத் தொடங்கியதே தீமைக்கு மூலம். சஃபாரி 2017 முதல் இதைக் கட்டுப்படுத்தி 2020 மார்ச்சில் முற்றிலும் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2019-இல் தெரிந்த வேவுக் குக்கீகளைத் தடுத்து, 2022-இல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயும் அந்தத் தளத்துக்குள்ளேயே அடங்கும்படி செய்தது. குரோம் 2020-இல் இரண்டே ஆண்டுகளில் இவற்றை ஒழிப்பதாக வாக்களித்து, பலமுறை தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கூகுளின் ஜீவனம் விளம்பரத்தில் இருக்கிறது. அதன் உலாவி விளம்பரக்காரர்களின் கண்ணைக் கட்டும் என்று எதிர்பார்ப்பது இயற்கைக்கு விரோதம். விளம்பரங்களைத் தடுக்கும் நீட்சிகளில் மிகச் சிறந்ததாகிய யுபிளாக் ஆரிஜின், குரோம் தன் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியதன் விளைவாக 2024, 2025 ஆண்டுகளில் அதில் இயங்காமற்போனதும், ஃபயர்பாக்ஸில் இன்றும் முழு பலத்தோடு இயங்குவதும் இதே காரணத்தின் மற்றொரு வெளிப்பாடு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள ஃபயர்பாக்ஸிலும் அதை நிறுவிக்கொள்ளலாம் என்பதை நம் நாட்டார் விசேஷமாக அறிந்துகொள்ள வேண்டும். நம்மில் பலருக்குக் கைப்பேசிதான் ஒரே கம்ப்யூட்டர்.

இன்காக்னிடோ என்ற மறைநிலையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அது நம் கருவியில் சுவடு தங்காமல் அழிக்குமே தவிர, நாம் போகும் தளத்திடமிருந்தோ இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடமிருந்தோ நம்மை மறைக்காது. இதுபற்றிய வழக்கொன்றில் கூகுள் 2024-இல், மறைநிலையில் உலாவியவர்களின் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொள்ள நேர்ந்தது. உண்மையான மறைவு வேண்டுவோருக்கு டோர் உலாவி இருக்கிறது. அதன் வேகம் அன்றாடக் காரியத்துக்குப் போதாது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது, அதிகம் பேசப்படாத ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். முகவரிப் பட்டையில் நாம் பூட்டுச் சின்னமாகப் பார்த்துப் பழகியது, இந்தத் தளம் உண்மையிலேயே முகவரியில் கண்ட பெயருக்கு உரியதுதான் என்று ஒரு சான்றிதழ் அமைப்பு உறுதி கூறுவதன் அடையாளம். அந்த அமைப்புகளில் யாரை நம்புவது என்பதை நமக்காக உலாவி தீர்மானிக்கிறது. 2011-இல் டிஜிநோட்டார் என்ற டச்சு நிறுவனத்துக்குள் புகுந்த திருடர்கள் நூற்றுக்கணக்கான போலிச் சான்றிதழ்களை உண்டாக்கி, ஈரானிய மக்களின் மின்னஞ்சலை ஒட்டுக்கேட்க வழி செய்தபோது, எல்லா உலாவிகளும் அந்நிறுவனத்தின் மேலிருந்த நம்பிக்கையை ரத்து செய்ய, அது சில வாரங்களிலேயே திவாலாயிற்று. 2014 ஜூலையில் நம் தேசியத் தகவல் மையத்தின் பெயரால் கூகுள் தளங்களுக்கு முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்ததைத் தொடர்ந்து, இந்தியச் சான்றிதழ்களின்மேல் குரோம் கட்டுப்பாடு விதித்தது. உலாவி எழுதுகிறவர் கையில் எத்தனை பெரிய அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி. சீக்கிரமாக ஓட்டைகளை அடைக்கிற, விழிப்புள்ள ஒரு பெரிய குழு பின்னால் இல்லாத உலாவியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வங்கிக் காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது.

அந்த 2014-ஆம் ஆண்டின் அனுபவத்தைக் கொண்டு பார்த்தால், மத்திய அரசு 2023 ஆகஸ்டில் இந்திய உலாவி ஒன்றை ஆக்குவதற்கான போட்டியை அறிவித்ததன் நோக்கம் விளங்கும். இந்தியச் சான்றிதழ்களை நம்பும் உலாவி வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. சென்னையில் தலைமையகம் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் உலா, 2025 மார்ச்சில் முதற்பரிசாகிய ஒரு கோடி ரூபாயைப் பெற்றது. விளம்பரத்தை நம்பாமல் வியாபார மென்பொருள் விற்று வாழும் நிறுவனத்தின் படைப்பு என்பதும், வேலைக்கு, சொந்தக் காரியத்துக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி நிலைகளை வைத்திருப்பதும் அதன் சிறப்புகள். நம்மவர் செய்தது என்ற பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் அதன் உள்ளே இருப்பதும் குரோமியமே. எஞ்சின் என்ற முதற்கேள்வியில் அது எட்ஜையும் பிரேவையும் போன்றதுதான்.

தமிழ் வாசகருக்கென்று இன்று மிஞ்சியிருக்கும் வேறுபாடுகள் சில. எழுத்து சிதைவது அநேகமாக எல்லா உலாவியிலும் தீர்ந்துவிட்டது. தமிழ் எழுத்துக்கென்று தனியாக நமக்குப் பிடித்த எழுத்துருவையும் அளவையும் குறித்து வைக்கும் வசதி கம்ப்யூட்டரில் உள்ள ஃபயர்பாக்ஸில் இருக்கிறது. கண் மங்கிய முதியவர்களுக்கு அது பெரிய உபகாரம். எட்ஜ் உலாவி ஒரு பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டுவதில் மற்றவற்றை மிஞ்சி நிற்கிறது: பல்லவி, வள்ளுவர் என்று பெயரிட்ட இரண்டு இந்தியத் தமிழ்க் குரல்களோடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கும் அதில் குரல்கள் உள்ளன. பார்வைக் குறைவு உள்ளவருக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எட்ஜைச் சிபாரிசு செய்வேன்.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு இது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஃபயர்பாக்ஸை முதல் உலாவியாக வைத்துக்கொண்டு, அதில் யுபிளாக் ஆரிஜினைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குரோமை மட்டுமே மனத்தில் வைத்துக் கட்டிய சில தளங்கள் உண்டு. அவற்றுக்கென்று எட்ஜ், பிரேவ், உலா ஆகியவற்றில் ஒன்றை இரண்டாவதாக வைத்திருங்கள். ஐபோன் உள்ளவர் சஃபாரியை விட்டு வேறொன்றைத் தேட வேண்டிய அவசியமில்லை. விண்டோஸ் 7 ஓடும் பழைய கம்ப்யூட்டரை, 2023 தொடக்கத்திலேயே குரோம் கைவிட்டுவிட்டது. ஃபயர்பாக்ஸின் நீண்டகாலப் பதிப்பான 115 அதற்குப் பின்னும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற்று வந்தது என்றாலும், அத்தகைய பெட்டியில் பணக் காரியங்களைச் செய்யாதிருப்பதே உத்தமம். புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் ஓர் உலாவியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை. மாறுவதற்கு அஞ்ச வேண்டாம்.

ஃபயர்பாக்ஸை உபயோகிப்பவர் உலகில் இப்போது நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அந்த எண்ணிக்கை மேலும் குறைந்தால் தளம் கட்டுகிறவர்கள் அதில் பரீட்சித்துப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆகையால், தமிழ்நாட்டு அரசுத் தளங்களையும் பத்திரிகைத் தளங்களையும் நிர்வகிக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது, வெளியிடும் ஒவ்வொரு பக்கத்தையும் குறைந்தது இரண்டு எஞ்சின்களில் திறந்து பார்த்த பிறகே பொதுமக்களுக்கு வைக்க வேண்டும் என்பதுதான். வாசகர்களும், ஒரு பக்கம் சரியாகத் திறக்காவிட்டால் மௌனமாக குரோமுக்குத் திரும்பிவிடாமல், அந்தத் தளத்தாருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பழுதான தளத்தைப் பற்றி மொசில்லாவுக்குத் தெரிவிக்கும் வசதியும் ஃபயர்பாக்ஸின் மெனுவிலேயே இருக்கிறது.